15–0 என்ற கணக்கு என்ன சொல்கிறது?

2013 நவம்பரில் சென்னை ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் விஸ்வநாதன் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்காக எதிரெதிரே உட்கார்ந்தபோது, நம் ஊர் ரசிகர்கள் நம்பிக்கையோடு திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. அதுவரை இருவரும் 29 கிளாசிக்கல் ஆட்டங்கள் ஆடியிருந்தார்கள். அவற்றில் ஆனந்துக்கு 6 வெற்றி, கார்ல்சனுக்கு 3, மீதி 20 டிரா. சரியாக இரண்டு மடங்கு. ஆனால் அந்தப் போட்டியில் நடந்தது வேறு. பத்து ஆட்டங்களில் கார்ல்சன் மூன்றை வென்றார், ஏழு டிரா ஆயின, ஆனந்தால் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 6.5–3.5 என்ற கணக்கில் பட்டம் நார்வேக்குப் போயிற்று.

பதினோரு ஆண்டு கழித்து, 2024 இறுதியில், சிங்கப்பூரில் இன்னொரு சென்னைக்காரர் பட்டத்துக்காக ஆடினார். குகேஷும் டிங் லிரெனும் அதற்குமுன் மூன்றே மூன்று கிளாசிக்கல் ஆட்டங்களில்தான் மோதியிருந்தார்கள். இரண்டில் டிங் வெற்றி, ஒன்று டிரா. சிங்கப்பூரில் முதல் ஆட்டத்தையும் டிங்கே வென்றார். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் குகேஷுக்கு வழியே இல்லை என்று தோன்றும். மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் திருப்பிக் கொடுத்தார். பதினான்காவது ஆட்டத்தோடு 7.5–6.5 என்று முடித்து, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

இரண்டு முறையும் ‘நேருக்கு நேர்’ கணக்கு நம்மைத் தவறான பக்கம் கைகாட்டியது. அப்படியானால் அந்தக் கணக்குக்கு என்னதான் பொருள்? சதுரங்க வரலாற்றில் 6–3 எல்லாம் சாதாரணம். அலெக்ஸி ஷிரோவ் உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவராகப் பல ஆண்டு இருந்தவர். காரி காஸ்பரோவிடம் கிளாசிக்கல் ஆட்டங்களில் அவர் 15 முறை தோற்றார், ஒருமுறைகூட வென்றதில்லை. ஹிகாரு நகமுரா 2015 அக்டோபரில் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தவர். அவருக்கும் கார்ல்சனுக்கும் இடையிலான கணக்கு 2016 வரை 12–0. உலகின் இரண்டாம் ஆட்டக்காரர், முதல் ஆட்டக்காரரை ஒருமுறைகூட வென்றதில்லை! இப்படிப்பட்ட எண்களைப் பார்த்ததும் ‘மனத்தடை’, ‘ராசி’, ‘அவரைக் கண்டாலே கை நடுங்குகிறது’ என்று காரணம் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சதுரங்கத்தில் ஒருவரின் பலத்தை அளக்கும் ‘எலோ’ ரேட்டிங், அர்பட் எலோ என்பவர் உருவாக்கியது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவர், மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் இவருடைய முறையை ஏற்றுக்கொண்டது. இதன் அடிப்படை எளிது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இருவர் மோதும்போது அந்த எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் முக்கியம். வித்தியாசம் இல்லையென்றால் ஆளுக்கு 50 சதவீதப் புள்ளிகள். 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலமானவர் சராசரியாக 64 சதவீதம் எடுப்பார். 200 என்றால் 76, 400 என்றால் 91. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை என்று கூட்டி வரும் சதவீதம் இது.

இந்த முறைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அ என்பவர் ஆ-வைவிடப் பலசாலி, ஆ என்பவர் இ-யைவிடப் பலசாலி என்றால், அ கண்டிப்பாக இ-யைவிடப் பலசாலி என்று எலோ எடுத்துக்கொள்கிறது. யார் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் எப்படி ஆடுகிறவர் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. காஸ்பரோவ்–ஷிரோவ் போன்ற கணக்குகள் இந்த அனுமானத்தை உடைக்கின்றனவா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

முதலில் தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். பலத்தில் மயிரிழை வித்தியாசமும் இல்லாத 20 ஆட்டக்காரர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மற்ற 19 பேரோடும் மோதினால் மொத்தம் 190 ஜோடிகள். டிராக்களை விட்டுவிடுவோம். ஒவ்வொரு ஜோடிக்கும் வெற்றி–தோல்வியில் முடிந்த ஆட்டங்கள் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். சம பலம் என்பதால் ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டிப் பார்ப்பதுதான். ஐந்து ஆட்டத்தையும் ஒருவரே வெல்வதற்கான வாய்ப்பு 16-இல் 1. அப்படியானால் 190 ஜோடிகளில் ஏறத்தாழ 12 ஜோடிகளுக்கு இடையே 5–0 என்ற கணக்கு வரும். யாரும் யாருக்கும் பயப்படாத, யாருடைய பாணியும் யாருக்கும் ஒத்துவராமல் போகாத ஓர் உலகத்தில் இது நடக்கும்.

நாம் செய்யும் பிழை அந்த 12 ஜோடிகளை மட்டும் தேடிப் பிடித்து எடுப்பதுதான். 3–2 என்று முடிந்த ஜோடிகளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. 5–0 மட்டும் கண்ணில் படும். பட்டதும் அதற்கொரு கதை தேவைப்படும். நூற்றாண்டுக்கு மேலான போட்டிச் சதுரங்க வரலாற்றில் உச்சநிலை ஜோடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் சில விபரீதமான கணக்குகள் வராமல் இருந்தால்தான் நாம் வியக்க வேண்டும்.

ஆனாலும் 12–0, 15–0 இரண்டும் 5–0 போன்றவை அல்ல. சம பலமுள்ள இருவரில் குறிப்பிட்ட ஒருவரே 12 வெற்றியையும் எடுக்க வாய்ப்பு 4,096-இல் 1. பதினைந்து என்றால் 32,768-இல் 1. இங்கேதான் ரேட்டிங் வித்தியாசம் உதவிக்கு வருகிறது. கார்ல்சனும் நகமுராவும் மோதிய ஆண்டுகளில் பெரும்பகுதி இருவருக்கும் இடையே 100 புள்ளியை ஒட்டி இடைவெளி இருந்தது. காஸ்பரோவுக்கும் ஷிரோவுக்கும் 1990களின் பிற்பகுதியில் அப்படியே. 100 புள்ளி என்றால் 64 சதவீதம். பாதி ஆட்டங்கள் டிரா ஆகும் என்று எடுத்துக்கொண்டால், நூறு ஆட்டங்களில் பலமானவருக்கு 39 வெற்றி, மற்றவருக்கு 11. அதாவது முடிவு கிடைத்த ஆட்டங்களில் 78 சதவீதம் ஒரே பக்கம் போகும். இந்த 78 சதவீதத்தைப் பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்: 5 சதவீதம் வரும். பதினைந்து முறை பெருக்கினால் 2.4 சதவீதம்.

நாலாயிரத்தில் ஒன்று என்று மலைக்க வைத்த 12–0, இருபதில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பாதி டிரா என்பது நான் வைத்துக்கொண்ட எண். இடைவெளியும் எல்லா ஆண்டும் நூறாகவே இருந்ததில்லை. எண்களைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றினாலும் செய்தி மாறாது. டிரா மிகுந்த ஆட்டத்தில், பார்வைக்குச் சின்னதாகத் தெரியும் பலத்தின் வித்தியாசம், வெற்றி–தோல்விக் கணக்கில் மிகப் பெரிதாகத் தெரியும். டிராக்களை மறைத்துவிட்டு 12–0 என்று மட்டும் எழுதினால் ஒருவர் மற்றவரை அடித்துத் துவைத்ததுபோல் இருக்கும். நகமுரா அத்தனை தோல்விகளுக்கு இடையே கார்ல்சனுடன் ஆடிய டிராக்கள் தோல்விகளைவிட அதிகம்.

நகமுரா எவ்வளவு நெருங்கி வந்தார் என்பதற்கு 2014 ஜூரிச் ஆட்டம் ஒன்று போதும். கார்ல்சனின் ராஜா இருந்த பக்கம் நகமுரா சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு போய், வெற்றி உறுதி என்ற நிலைக்கு வந்துவிட்டார். கணினிகள் அப்படித்தான் காட்டின. பார்த்துக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முடிக்கும் நகர்த்தல் தவறிப்போயிற்று. கார்ல்சன் மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசியில் வென்றே விட்டார். அந்த ஓர் ஆட்டம் சரியாக முடிந்திருந்தால் ‘ஒருமுறைகூட வென்றதில்லை’ என்ற வாசகம் அப்போதே இல்லாமல் போயிருக்கும். அதற்கு அவர் 2016 ஜூலை வரை, ஸ்பெயினின் பில்பாவ் போட்டியின் முதல் சுற்று வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

மனத்தடை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜூரிச் மாதிரி ஓர் ஆட்டத்தை இழந்தவர் அடுத்த முறை அதே எதிராளி முன் உட்காரும்போது அதை மறந்திருக்க முடியாது. வெற்றி நிலையிலும் இரண்டு முறை சரிபார்க்கத் தோன்றும், கடிகாரம் ஓடும், நேரம் குறைந்தால் தவறு வரும். ஆனால் மனத்தடையை முதல் காரணமாக வைப்பது சோம்பேறித்தனம் என்றே நினைக்கிறேன். ரேட்டிங் வித்தியாசமும் தற்செயலும் விளக்கியது போக மிச்சம் இருந்தால்தான் அதைக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது வயது. சென்னைக் கணக்குக்குத் திரும்புவோம். அந்த 29 ஆட்டங்களும் 2005இலிருந்து தொடங்குகின்றன. அப்போது கார்ல்சனுக்கு 14 வயது. ஆனந்தோ உச்சத்தில் இருந்தவர். ஆனந்தின் ஆறு வெற்றிகளில் பெரும்பாலானவை கார்ல்சன் வளர்ந்துகொண்டிருந்த காலத்தவை. 14 வயதுப் பையனையும் 22 வயது உலக முதல்நிலை ஆட்டக்காரரையும் ஒரே பெயரில் கூட்டிவிட்டு, ‘கார்ல்சனுக்கு எதிராக 6–3’ என்று சொல்வதில் பொருளே இல்லை. 2013 நவம்பரில் கார்ல்சனின் ரேட்டிங் 2870, ஆனந்துடையது 2775. 95 புள்ளி வித்தியாசத்துக்கு எலோ சொல்லும் கணிப்பு, பத்து ஆட்டங்களில் கார்ல்சனுக்கு சுமார் 6.3 புள்ளி. வந்தது 6.5. மனம் ஏற்க மறுத்ததை அந்த வறண்ட சூத்திரம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. சிங்கப்பூரிலும் அப்படித்தான்: குகேஷ் 2783, டிங் 2728. மூன்று பழைய ஆட்டங்களைவிட அந்த 55 புள்ளிக்கு விவரம் அதிகம் தெரிந்திருந்தது.

1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் நடந்த பிஷர்–ஸ்பாஸ்கி போட்டியும் இதே வரிசையில்தான் வரும். அதற்கு முன் பாபி பிஷர், போரிஸ் ஸ்பாஸ்கியை ஒருமுறைகூட வென்றதில்லை. மூன்று தோல்வி, இரண்டு டிரா. ஆனால் ரேட்டிங்கில் பிஷர் 2785, ஸ்பாஸ்கி 2660. முதல் ஆட்டத்தில் பிஷர் தோற்றார். இரண்டாவதற்கு வராமலேயே இழந்தார். மூன்றாவதில்தான் வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பாஸ்கியை வென்றார். பிறகு 12.5–8.5 என்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். மூன்று பட்டப் போட்டிகளில் நேருக்கு நேர் கணக்கு ஒன்று சொல்ல, ரேட்டிங் வேறொன்று சொன்னது. மூன்றிலும் ரேட்டிங்தான் சரி.

இத்தோடு நிறுத்திவிட்டால் எலோ சொல்வதே வேதம் என்று ஆகிவிடும். அப்படியில்லை. ரேட்டிங்கால் விளக்க முடியாத ஜோடிகளும் வரலாற்றில் இருக்கின்றன. அவற்றைப் பலகையின் மேல்தான் தேட வேண்டும்.

மிகைல் தாலும் விக்டர் கோர்ச்னோயும் அப்படியொரு ஜோடி. தால் 1960இல், 23 வயதில், போட்வின்னிக்கை 12.5–8.5 என்று வென்று உலக சாம்பியன் ஆனவர். காய்களைப் பலி கொடுத்து எதிராளியின் ராஜாவை நடுத்தெருவுக்கு இழுத்துவரும் ஆட்டம் அவருடையது. கோர்ச்னோய் ஒருபோதும் உலக சாம்பியன் ஆகவில்லை. ஆனால் இருவருக்கும் இடையே நடந்த ஆட்டங்களில் கோர்ச்னோய்க்கு 13 வெற்றி, தாலுக்கு நான்குதான். இருவரும் ஒரே தலைமுறை. பலத்திலும் பெரிய இடைவெளி இல்லை. இதற்குத் தற்செயல் மட்டும் போதாது.

தாலின் பலிகள் எல்லாமே பலகைக் கணக்கில் சரியானவை அல்ல. எதிராளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, பத்து விதமான மிரட்டல்களுக்கு நடுவே சரியான பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவற்றின் பலம். பெரும்பாலானோர் அந்தச் சூட்டில் தடுமாறினார்கள். கோர்ச்னோய்க்கு அந்தச் சூடு பிடிக்கும். கொடுத்த காயை வாங்கிக்கொள்வார். நெருக்கடியான தற்காப்பில் மணிக்கணக்கில் உட்காருவார். புயல் ஓய்ந்ததும் கூடுதல் காயோடு எதிர்த்தாக்குதல் தொடங்குவார். மற்றவர்களிடம் தாலுக்குப் பலமாக இருந்தது, இவரிடம் வந்தபோது பலவீனமாயிற்று. ரேட்டிங் என்ற ஒற்றை எண்ணுக்குள் இது அடங்காது.

எஃபிம் கெல்லரும் இதே ரகம். உலகப் பட்டத்தை நெருங்கியும் தொடாதவர். ஆனால் பிஷருக்கு எதிராக 5 வெற்றி, 3 தோல்வி. போட்வின்னிக், பெட்ரோசியன் ஆகியோரிடமும் அவருக்கே மேல்கை. தொடக்க ஆட்டத்தில் அவருக்கிருந்த ஆழமான அறிவு பெரிய காரணம். பிஷர் எப்போதும் ஒரே சில தொடக்கங்களையே ஆடுவார், விட்டுக்கொடுக்க மாட்டார். அந்தப் பிடிவாதம் கெல்லர் போன்ற ஒருவருக்கு வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வர வசதியாக இருந்தது.

தயாரிப்பு என்று வந்துவிட்டால் அலெக்சாண்டர் அலெகைனை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1927இல் சாம்பியன் கேபபிளாங்காவோடு பட்டப் போட்டிக்கு அவர் புவெனஸ் அய்ரெஸ் போனபோது கணக்கு கேபபிளாங்கா பக்கம் 5–0, மீதி ஏழு டிரா. அதே ஆண்டு நியூயார்க் போட்டியில் கேபபிளாங்கா 20-க்கு 14 புள்ளி எடுத்து முதலிடம், அலெகைன் 11.5-உடன் இரண்டாம் இடம். அலெகைனுக்கு வாய்ப்பே இல்லை என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. அவரோ கேபபிளாங்காவின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். வெல்ல முடியாதவர் என்று பெயர் பெற்ற அந்த மனிதர், உள்ளுணர்வை நம்பிச் சில நகர்த்தல்களைச் சரிபார்க்காமலே ஆடுகிறார் என்று கண்டார். இறுதி ஆட்டங்களில்கூடச் சிறு சறுக்கல்கள் இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆறு வெற்றி எடுப்பவருக்குப் பட்டம் என்பது விதி. முதல் ஆட்டத்தையே கறுப்புக் காய்களோடு வென்றார். 34 ஆட்டங்கள், இரண்டு மாதத்துக்கும் மேலாக நீண்ட போட்டி, கடைசியில் 6–3. ஐந்து தோல்வியும் அவருக்குப் பாடப்புத்தகமாக இருந்திருக்கின்றன. நேருக்கு நேர் கணக்கை விதியாக எடுத்துக்கொள்ளாமல் தகவலாக எடுத்துக்கொண்டவர்களில் அவருக்கு நிகராக இன்னொருவரை நான் காணவில்லை.

எலோவின் அனுமானம் உடையும் இடங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்களும் யோசித்திருக்கிறார்கள். 2020இல் டீப்மைண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வோய்செக் சார்னெக்கி முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதர்கள் விரும்பி ஆடும் ஆட்டங்களின் வடிவத்தை அவர்கள் பம்பரம் என்றார்கள். நிமிர்ந்து நிற்கும் அச்சு பலத்தைக் குறிக்கும். ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள அகலம், ‘அ ஆ-வை வெல்வார், ஆ இ-யை வெல்வார், இ அ-வை வெல்வார்’ என்ற சுழற்சி எவ்வளவு இருக்கிறது என்பதைக் குறிக்கும். நடுமட்டத்தில் வயிறு பெருத்திருக்கும். அங்கே பாணிகள் பல; ஒன்றையொன்று வெல்லும் சுழற்சிகளும் பல. உச்சிக்குப் போகப் போகக் குறுகிக்கொண்டே வரும், ஏனென்றால் மிகப் பலமானவர்களிடம் ஓட்டைகள் குறைவு. கிளப் ஆட்டக்காரர்களிடையே ‘அவரிடம் மட்டும் எனக்கு ஆகாது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். உலகின் முதல் பத்துப் பேரிடையே அது குறைய வேண்டும். ஆனாலும் பூஜ்யம் ஆவதில்லை. அதற்குச் சதுரங்கம் தந்த ஆகச் சிறந்த சான்று மூன்று பேர்: காஸ்பரோவ், ஷிரோவ், விளாதிமிர் கிராம்னிக்.

1998இல் ஸ்பெயினின் கசோர்லா நகரில் ஷிரோவும் கிராம்னிக்கும் மோதினார்கள். வெல்பவர் காஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு ஆடலாம் என்று ஏற்பாடு. எல்லாரும் கிராம்னிக் வெல்வார் என்றார்கள். ஷிரோவ் ஓர் ஆட்டமும் தோற்காமல், இரண்டு வெற்றி ஏழு டிராவோடு, 5.5–3.5 என்று வென்றார். ஆனால் காஸ்பரோவோடு அவருக்குப் போட்டி நடக்கவேயில்லை. பணம் போட ஆள் கிடைக்கவில்லை. காஸ்பரோவிடம் ஒருமுறைகூட வெல்லாதவர் பட்டத்துக்கு ஆடினால் யார் பார்ப்பார்கள் என்ற பேச்சு அதற்குத் துணை போயிற்று. 2000இல், கசோர்லாவில் தோற்ற கிராம்னிக்குக்கே அந்த வாய்ப்புப் போனது. லண்டனில் நடந்த போட்டியில் கிராம்னிக் 8.5–6.5 என்று காஸ்பரோவை வென்றார். பதினைந்து ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றுகூட வெல்ல முடியவில்லை.

ஷிரோவ் கிராம்னிக்கை வென்றார். கிராம்னிக் காஸ்பரோவை வென்றார். காஸ்பரோவ் ஷிரோவைத் தொடர்ந்து வென்றார். பம்பரத்தின் உச்சியில் ஒரு சுழற்சி. லண்டனில் ரேட்டிங்கும் தோற்றது. காஸ்பரோவ் ஏறத்தாழ 80 புள்ளி மேலே இருந்தார். அதற்கு முன்பிருந்த நேருக்கு நேர் கணக்கில் இருவரும் கிட்டத்தட்டச் சமம். இங்கே மட்டும் அந்தக் கணக்குக்கு ரேட்டிங்கைவிட அதிகம் தெரிந்திருந்தது.

இந்தச் சுழற்சிக்குக் காரணம் பலகையில் பளிச்சென்று தெரிகிறது. 1994இல் சுவிட்சர்லாந்தின் ஹோர்கனில் ஷிரோவ், காஸ்பரோவுக்கு எதிராக சிசிலியன் தற்காப்பு ஆடினார். அமைதியாக முடித்துக்கொள்ளும் எண்ணம் ஷிரோவுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ரீகாவில் பிறந்த அவர், அதே ஊர்க்காரரான தாலின் வழியில் வந்தவர். 17ஆவது நகர்த்தலில் காஸ்பரோவ் தன் யானையைக் கொடுத்து ஒரு பிஷப்பை எடுத்தார். ஷிரோவின் குதிரை யானையைத் திருப்பி எடுத்தது. உடனே காஸ்பரோவ் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே வைத்தார். யானையை எடுத்த குதிரை வெளிவர வழியில்லாமல் மூலையில் முடங்கியது; நடுப்பலகையில் காஸ்பரோவின் குதிரையை விரட்ட ஷிரோவிடம் காயே இல்லை. காய்க்கணக்கில் முன்னால் இருந்த ஷிரோவ், ஆட்டக்கணக்கில் ஒரு காய் குறைவாக ஆடிக்கொண்டிருந்தார். சிக்கல் மிகுந்த, நெருப்புப் பறக்கும் நிலைகளைத்தான் ஷிரோவ் தேடினார். உலகத்திலேயே அந்த நிலைகளை நன்றாக ஆடக்கூடிய ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

கிராம்னிக் அந்த இடத்துக்கே போகவில்லை. 1995இல் ஆனந்துக்கு எதிரான பட்டப் போட்டியில் காஸ்பரோவின் உதவியாளர் குழுவில் இருந்தவர் அவர். காஸ்பரோவ் எப்படித் தயாராவார் என்று உள்ளிருந்து பார்த்தவர். லண்டனில் காஸ்பரோவ் வெள்ளைக் காய்களோடு ராஜாவின் சிப்பாயைத் தள்ளியபோது, நெடுங்காலமாக உச்சநிலைப் போட்டிகளில் அபூர்வமாகிவிட்ட பெர்லின் தற்காப்பைக் கிராம்னிக் எடுத்தார். எட்டாவது நகர்த்தலிலேயே இரண்டு ராணிகளும் பலகையைவிட்டுப் போய்விடும். கறுப்பின் ராஜா கோட்டை கட்டும் உரிமையை இழந்து நடுவில் நிற்கும். சிப்பாய்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிற்கும். பார்க்க அழகில்லாத நிலை. ஆனால் ராணி இல்லாத பலகையில் அந்த ராஜாவைத் துரத்த ஆளில்லை. காஸ்பரோவின் தாக்குதல், வீட்டில் தயாரித்து வந்த புதுமைகள், மிரட்டும் வேகம் எல்லாம் அங்கே பயனற்றுப் போயின. நான்கு ஆட்டங்களில் பெர்லின் வந்தது. நான்கும் டிரா. கிராம்னிக் தன் இரண்டு வெற்றிகளையும் வெள்ளைக் காய்களோடு எடுத்துக்கொண்டார்.

ஷிரோவுக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஒப்பவில்லை. தகுதிப் போட்டியில் தோற்ற கிராம்னிக்குக்குப் பணம் கிடைத்தது. வென்ற ஷிரோவுக்குப் பட்டப் போட்டியிலிருந்து வர வேண்டிய பங்கு, போட்டியே நடக்காததால் வரவில்லை. 2000 டிசம்பரில் டெஹ்ரானில் நடந்த ஃபிடே உலகப் பட்ட இறுதிச் சுற்றுவரை அவர் முன்னேறினார். அங்கே நம் ஆனந்த் 3.5–0.5 என்று வென்று முதன்முதலாக உலக சாம்பியன் ஆனார். காஸ்பரோவ் 2005 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அதோடு அந்தக் கணக்கு மாற்ற முடியாததாகிவிட்டது.

காஸ்பரோவிடம் ஷிரோவ் மறுபடியும் தோற்றிருப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன். 100 புள்ளி வித்தியாசமும் பாணியும் இரண்டுமே அவருக்கு எதிராக இருந்தன. ஆனால் 0–5 என்ற கணக்கோடு போன அலெகைனுக்குப் பலகை கிடைத்தது. 0–3 என்று போன பிஷருக்கும் கிடைத்தது. டிங்கிடம் வெற்றியே கண்டிராத குகேஷுக்கும் கிடைத்தது. தகுதிப் போட்டியை நேர்மையாக வென்ற ஒருவருக்கு, பழைய கணக்கைக் காட்டி அந்தப் பலகையை மறுத்தது தவறு. அந்தப் போட்டி நடந்திருக்க வேண்டும்.